நீரிழிவுக்கான மருத்துவத் தகவல் அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் கிளினிக், சிறிய மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. நோயாளிகளும் வீட்டாரும் படிக்கலாம். தங்கள் டாக்டரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியவரும்.

எங்கள் கிளினிக்கில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறது. தனியாக ஒரு தகவல் அமைப்பு எதற்கு?

பல இடங்களில் அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது பில் போடும் மென்பொருள். வந்தவர் பெயரைத் தட்டினால் போன தடவை எழுதிய மருந்தும் வரும். காய்ச்சலுக்கும் அடிபட்ட காலுக்கும் அது போதும், சர்க்கரை நோய்க்குப் போதாது. நாற்பது வயதில் நோய் தெரியவந்த ஒருவரை இன்னும் முப்பது வருடமாவது கவனிக்க வேண்டும். அத்தனை காலமும் அவருடைய கண், சிறுநீரகம், பாதம், இதயம் எல்லாவற்றையும் தவணை தவறாமல் பார்த்தாக வேண்டும்.

எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கோப்பைத் திறந்து காட்டுவது ஒரு வேலை. நம்மிடம் மொத்தம் எத்தனை சர்க்கரை நோயாளிகள், அவர்களில் யாருக்கு இந்த வருடம் கண் பார்க்கவில்லை, யார் ஆறு மாதமாக வரவே இல்லை என்று கேட்டால் உடனே பட்டியல் தருவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலையைச் செய்வதைத்தான் தகவல் அமைப்பு என்கிறோம்.

1990களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்வர்ட் வாக்னரும் அவர் குழுவினரும் நாள்பட்ட நோய்களைப் பராமரிக்க ஒரு முறையை வகுத்தார்கள். அதில் ஆறு அங்கங்கள் உண்டு. நிர்வாகத்தின் ஆதரவு, வேலைப் பகிர்வு, டாக்டருக்குக் கைகொடுக்கும் வழிகாட்டுதல், நோயாளி தன்னைத் தானே கவனித்துக்கொள்ள உதவி, ஊரில் கிடைக்கும் துணை ஆகிய ஐந்தோடு தகவல் அமைப்பு ஆறாவது. அந்த ஐந்தும் இல்லாமல் மென்பொருளை மட்டும் வாங்கி வைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

நல்ல டாக்டருக்கு எதை எப்போது பார்க்க வேண்டும் என்று தெரியாதா?

நன்றாகவே தெரியும். ஆனால் நோயாளி வரும்போது முதுகுவலி, தூக்கமின்மை, மகள் கல்யாணக் கவலை என்று ஏதாவது ஒன்றோடு வருகிறார். அன்றைய தொந்தரவைக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்தவர் கதவருகில் நிற்கிறார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பது அப்படித்தான் விட்டுப்போகிறது.

1976லேயே அமெரிக்க மருத்துவர் கிளெமென்ட் மெக்டொனால்ட் இதைச் சோதித்துக் காட்டினார். கணினி முன்கூட்டியே ஒரு குறிப்பை அச்சிட்டுக் கொடுத்தபோது, கவனிக்க வேண்டிய விஷயங்களில் 51 சதவீதத்தை டாக்டர்கள் கவனித்தார்கள். குறிப்பு இல்லாதபோது அது 22 சதவீதம். இரண்டு நிலையிலும் வேலை பார்த்தவர்கள் அதே ஒன்பது டாக்டர்கள். இது அறிவுக் குறைவோ அக்கறைக் குறைவோ இல்லை. ஒரு மனிதரால் ஒரு நாளில் நினைவில் வைக்க முடிகிற அளவு அவ்வளவுதான்.

என்னென்ன விவரங்களைப் பதிய வேண்டும்?

இங்கிலாந்தின் தேசிய நீரிழிவுத் தணிக்கை ஒவ்வொருவருக்கும் வருடம் ஒருமுறை ஒன்பது விஷயங்கள் பார்க்கப்பட்டனவா என்று கேட்கிறது: ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி, ரத்த அழுத்தம், கொழுப்பு, ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் (இரண்டும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுபவை), பாதம், உடல் எடை, புகைப்பழக்கம், விழித்திரை. தொடங்குவதற்கு இதைவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரிந்து இல்லை. இதோடு நோயின் வகை, கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு, இப்போதைய மருந்துகள், இன்சுலின் உண்டா, பெண்களுக்குக் கர்ப்ப விவரம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சராசரி சீராக இருப்பவருக்கு அந்தச் சோதனை வருடம் இருமுறை போதும். மருந்து மாற்றியவருக்கும் கட்டுக்குள் வராதவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவை.

எண்களை எண்களாகவே பதிய வேண்டும். லேப் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துக் கோப்பில் ஒட்டிவைத்தால் நாம் படிக்கலாம், கணினியால் அதை வைத்துப் பட்டியல் போட முடியாது. குறிப்புப் பகுதியில் "சுகர் அதிகம்" என்று எழுதினாலும் இதே கதைதான். ரத்தச் சர்க்கரை 180 என்றால் அது வெறும் வயிற்றிலா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா, இடையில் எப்போதோ எடுத்ததா என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும். அது தெரியாத 180க்கு அர்த்தமே கிடையாது. பல வெளிநாடுகளிலிருந்து வரும் ரிப்போர்ட்டுகளில் அலகு வேறாக இருக்கும். அங்கே 10 என்று இருப்பது இங்கே 180. 18ஆல் பெருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியிலும் இப்படி உண்டு: நமது 7 சதவீதம் அவர்களுக்கு 53.

நம் ஊரில் தவறாமல் பதிய வேண்டிய இன்னொன்று ஹீமோகுளோபின். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்த அணுக்கள் சீக்கிரம் சிதையும் நோய்களிலும், ரத்தம் ஏற்றிய பிறகும் குறைவாகக் காட்டலாம். பக்கத்துக் கட்டத்தில் ஹீமோகுளோபின் 8 என்று தெரிந்தால் டாக்டர் அந்தச் சராசரியை நம்பி மருந்தைக் கூட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார்.

இத்தனையிலும் எது முக்கியம்?

வராதவர்களின் பட்டியல். ஒரு தகவல் அமைப்பு வேறு எதையும் செய்யாமல் இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலும் அதை நல்ல அமைப்பு என்பேன்.

காரணம் எளிது. வருகிறவரை எப்படியும் பார்த்துவிடுவோம். கண் போவதும் கால் எடுக்க வேண்டி வருவதும் டயாலிசிஸ் வரை போவதும் பெரும்பாலும் இரண்டு வருடம் மூன்று வருடம் எட்டிப் பார்க்காதவருக்குத்தான். காகிதக் கோப்பில் அவர் அலமாரிக்குள் சத்தமில்லாமல் இருந்துவிடுவார். அவர் வரவில்லை என்பதை நமக்குச் சொல்ல ஆளே இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பதிந்தவர்கள் 400 பேர், இந்த வருடம் வந்தவர்கள் 200 பேர், அவர்களில் 100 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வந்தவர்களை மட்டும் எண்ணினால் பாதிப்பேர் நன்றாக இருக்கிறார்கள். பதிந்தவர்களை எண்ணினால் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்தான். முதல் கணக்கைப் பார்க்கும் கிளினிக் திருப்தியோடு உட்கார்ந்துவிடும். இரண்டாவதைப் பார்க்கும் கிளினிக் போனை எடுக்கும். எந்த அறிக்கையைப் பார்த்தாலும் கீழே வகுக்கும் எண் எது என்று முதலில் கேளுங்கள்.

நடைமுறையில் வாரம் ஒரு நாள், ஒரே ஆள், குறித்த நேரத்தில் உட்கார்ந்து இந்தப் பட்டியலை எடுக்க வேண்டும். எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிட முடியாது என்பதால் வரிசை வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும் கடைசிச் சராசரி 9க்கு மேல் இருந்தவர்களும் முதலில். காலில் புண் வந்தவர்களும் அவர்களோடு. அடுத்து சிறுநீரில் அல்புமின் தெரிந்து மறுபடி வராதவர்கள். அப்புறம் மற்றவர்கள்.

இதனால் உண்மையிலேயே பலன் கிடைத்த இடம் இருக்கிறதா?

இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் 1990களில் ஒரு முயற்சி நடந்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு சுகாதார எண் உண்டு. அதை வைத்து மருந்துச் சீட்டு, லேப், ஆஸ்பத்திரி, கண் மருத்துவம் என்று தனித்தனியே கிடந்த பதிவுகளை இணைத்தார்கள். குடும்ப மருத்துவர்கள் கையில் வைத்திருந்த பதிவேடுகளைவிட இந்த இணைப்பு கூடுதலான நீரிழிவு நோயாளிகளை அடையாளம் காட்டியது. இப்போது ஸ்காட்லாந்து முழுவதற்கும் ஒரே நீரிழிவுத் தகவல் அமைப்பு இருக்கிறது. சுவீடனிலும் 1996 முதல் தேசிய நீரிழிவுப் பதிவேடு இருக்கிறது.

இங்கிலாந்து 2003 முதல் நீரிழிவு உள்ளவர்களைப் பட்டியலிட்டுக் கூப்பிட்டு விழித்திரைப் படம் எடுக்கத் தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலை செய்யும் வயதில் பார்வை இழப்பதற்கு நீரிழிவுதான் பல பத்தாண்டுகளாக முதல் காரணமாக இருந்தது. 2009-10 கணக்கில் அந்த இடத்துக்குப் பரம்பரை விழித்திரை நோய்கள் வந்துவிட்டன. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். ஆனாலும் கூப்பிட ஒரு பட்டியல் இல்லாமல் இவ்வளவு பேருக்குப் படம் எடுத்திருக்க முடியாது.

நமக்கு நெருக்கமான சான்று கார்ஸ் ஆய்வு. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 நீரிழிவு மையங்கள், 1,146 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதோடு ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரும், டாக்டருக்கு ஆலோசனை சொல்லும் மின்பதிவேடும். சர்க்கரையோடு ரத்த அழுத்தமோ கெட்ட கொழுப்போ சேர்ந்து இலக்கை எட்டியவர்கள் முதல் பிரிவில் 8.1 சதவீதம், இரண்டாவதில் 18.2 சதவீதம். 2016இல் முடிவுகள் வெளிவந்தன. 18 என்பது இன்னும் குறைவுதான், ஆனால் இரண்டு மடங்குக்கும் மேல். இதில் மென்பொருளோடு ஒரு மனிதரும் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் தர மனமில்லாமல் மென்பொருளை மட்டும் வாங்குகிறவர்கள் இந்த எண்ணை எதிர்பார்க்கக் கூடாது.

தமிழ்நாட்டில் அரசுத் தரப்பில் என்ன நடக்கிறது?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். 2024இல் இதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. வராதவரைத் தேடிப் போவது என்ற எண்ணமே இந்தத் திட்டத்தின் பெயரில் இருக்கிறது. எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

தகவல் அமைப்பின் கண்ணோட்டத்தில் ஒரு கவலையும் உண்டு. மாத்திரை வீட்டுக்கே வந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம் குறையும். விரல் நுனியில் பார்க்கும் சர்க்கரை விழித்திரையைப் பற்றியோ சிறுநீரகத்தைப் பற்றியோ எதுவும் சொல்லாது. ஆகவே "மாத்திரை போய்ச் சேர்ந்தது" என்பதும் "வருடாந்தரச் சோதனை முடிந்தது" என்பதும் பதிவில் இரண்டு தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். முதல் கட்டம் பச்சையாக இருப்பதைப் பார்த்து இரண்டாவதை விட்டுவிடக் கூடாது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின் மதிப்பீட்டில் இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. இவர்களில் பலர் மாத்திரைக்கு அரசு, சந்தேகத்துக்குத் தனியார், சோதனைக்குத் தெருமுனை லேப் என்று மூன்று இடங்களுக்குப் போகிறவர்கள். மூன்றையும் இணைக்கத்தான் மத்திய அரசின் சுகாதார அடையாள எண்ணான 14 இலக்க ஆபா எண் வந்திருக்கிறது. நோயாளியிடம் அந்த எண் இருந்தால் வாங்கிப் பதிந்துவையுங்கள். இல்லாவிட்டால் அதற்காகச் சிகிச்சையை நிறுத்த வேண்டாம்.

ஒரே ஆள் மூன்று பேராகப் பதிவாகிவிடுகிறார். என்ன செய்வது?

நம் பெயர்களுக்கு இது வந்தே தீரும். எஸ். முருகன் ஒரு நாள் முருகன் எஸ். ஆவார், இன்னொரு நாள் எம். செந்தில்முருகனாக நிற்பார். ஆங்கிலத்தில் பதிந்தால் லட்சுமியை நான்கு விதமாக எழுதலாம். வயது கேட்டால் "அம்பது இருக்கும்" என்பார்கள். போன் நம்பர் மகனுடையதாக இருக்கும். மகன் வெளியூர் போனதும் சிம்மும் போய்விடும்.

கிளினிக்கே ஒரு எண் கொடுத்து அதைச் சிறு அட்டையில் எழுதிக் கொடுப்பது முதல் வேலை. தந்தை அல்லது கணவர் பெயரையும் தெரு அல்லது ஊர்ப் பெயரையும் கட்டாயமாக்க வேண்டும். இரண்டு போன் நம்பர் வாங்கி, ஒவ்வொன்றும் யாருடையது என்று எழுத வேண்டும். வருகிற ஒவ்வொரு முறையும் "இதே நம்பர்தானே அம்மா?" என்று கேட்பதைப் பழக்கமாக்கினால் வராதவர் பட்டியலில் பாதித் தலைவலி குறையும். புதிதாகப் பதிவதற்கு முன் பெயரின் முதல் மூன்று எழுத்தையும் ஊரையும் வைத்துத் தேடிப் பார்க்க வேண்டும்.

சிறிய கிளினிக்குக்கு எக்செல் போதுமா?

தொடங்குவதற்குப் போதும். ஒருவருக்கு ஒரு வரிசை. எண், பெயர், ஊர், போன், கடைசியாக வந்த தேதி, கடைசிச் சராசரியும் அதன் தேதியும், கண் பார்த்த தேதி, பாதம் பார்த்த தேதி, சிறுநீர் பார்த்த தேதி, அடுத்து வர வேண்டிய தேதி. அடுத்த தேதி கடந்தவர்களை வடிகட்டி எடுத்தால் பட்டியல் தயார். கோப்புக்குக் கடவுச்சொல் வேண்டும், வாரம் ஒருமுறை வேறிடத்தில் பிரதி வேண்டும். பழைய சராசரியை அழித்துப் புதியதை எழுதுவதால் கடந்த காலம் காணாமல் போகும் என்பதுதான் இதன் பெரிய குறை. நோயாளிகள் ஆயிரத்தை நெருங்கும்போதோ இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிய வேண்டி வரும்போதோ சரியான மென்பொருளுக்கு மாறிவிடுங்கள்.

பதிவதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

டாக்டரைத் தட்டச்சு செய்ய வைக்கும் அமைப்பு சில மாதத்தில் கைவிடப்படும். எடை, பிபி, சர்க்கரை மூன்றையும் நர்ஸ் முன்கூட்டியே பார்த்துப் பதியலாம். பாதத்தில் 10 கிராம் நைலான் இழையை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும் பயிற்சி பெற்ற நர்ஸால் முடிகிற வேலைதான். லேப் முடிவுகள் லேப்பிலிருந்து நேராக வந்து சேர வழி செய்யுங்கள். கையால் திரும்ப எழுதும் இடத்தில்தான் 7.1 என்பது 11.7 ஆகிறது. நோட்டிலும் எழுதி, கம்ப்யூட்டரிலும் எழுதச் சொன்னால் இரண்டில் ஒன்று பொய்யாகும். ஒன்றை விட்டுவிடுங்கள்.

எச்சரிக்கைகள் அடிக்கடி திரையில் வந்தால் யாரும் படிப்பதில்லையே?

உண்மை. பத்து எச்சரிக்கையில் ஒன்பது தேவையில்லாதவை என்றால் பத்தாவதையும் கை தானாக மூடிவிடும். டாக்டரை நிறுத்தும் எச்சரிக்கைகள் உயிருக்கு ஆபத்தானவையாக மட்டும் இருக்கட்டும். சிறுநீரகம் வடிகட்டும் அளவு (இஜிஎஃப்ஆர்) 30க்குக் கீழே போனவருக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை எழுதுவது, கர்ப்பமான பெண்ணுக்குச் சில ரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடர்வது, வயதானவருக்கு கிளிபென்கிளமைடு என்ற இன்னொரு சர்க்கரை நோய் மாத்திரையைக் கொடுத்துச் சர்க்கரை திடீரென்று இறங்கும் நிலைக்கு ஆளாக்குவது போன்றவை அவை. "கண் பார்க்க வேண்டும்" என்பது டாக்டரின் திரையில் குதிக்க வேண்டியதில்லை, நர்ஸின் வேலைப் பட்டியலில் இருந்தால் போதும்.

விழித்திரைப் படத்தைக் கணினியே பார்த்துச் சொல்லும் என்கிறார்களே?

சொல்கிறது. கூகுள் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. 2018இல் அமெரிக்க அரசு, டாக்டர் உதவியில்லாமல் முடிவு சொல்லும் ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது. கண் டாக்டர் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் "கண் மருத்துவரிடம் அனுப்பவும்" என்று கணினி சொன்னவர் அங்கே போய்ச் சேர்ந்தாரா என்பதும் பதிவாக வேண்டும். போகாவிட்டால் அவர் பெயரும் வராதவர் பட்டியலுக்கு வர வேண்டும்.

நோயாளியின் ரகசியம்?

2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றாடம் நடக்கும் தவறுகளை நிறுத்துவதே பெரிய காரியம். எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துவது, நோயாளி பெயரோடு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, வரவேற்பறைத் திரையைத் திறந்தபடி விட்டுப் போவது ஆகியவற்றைச் சொல்கிறேன்.

நினைவூட்டும் குறுஞ்செய்தியில் நோயின் பெயர் வேண்டாம். முதல் வகை நீரிழிவு உள்ள இளம்பெண்ணின் வீட்டில் அதைச் சம்பந்தம் பேசும் வரை வெளியே சொல்லாமல் இருப்பார்கள். அந்தச் செய்தி உறவினர் கையில் இருக்கும் போனுக்குப் போகலாம். "உங்கள் அடுத்த சந்திப்பு வியாழக்கிழமை" என்று தேதியும் கிளினிக்கின் பெயரும் மட்டும் இருந்தால் போதும். கிளினிக்கின் பெயரிலேயே நீரிழிவு என்று இருந்தால் அதையும் சுருக்கிவிடுங்கள்.

மென்பொருள் விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

"கடைசிச் சராசரி 9க்கு மேல், ஆறு மாதமாக வரவில்லை, இவர்களின் பெயரையும் போன் நம்பரையும் இப்போதே எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஒரு நிமிடத்தில் வராவிட்டால் அது உங்களுக்கானது இல்லை. அப்புறம், நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினால் எங்கள் தரவு முழுவதும் எங்களுக்குத் திரும்பக் கிடைக்குமா, மின்சாரமோ இணையமோ இல்லாதபோது வேலை செய்யுமா, நோயாளிக்குத் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைச் சிலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். தன் சராசரி போன வருடம் 9.4, இப்போது 7.8 என்று தன் மொழியில் படிக்கிறவருக்கு மாத்திரை ஏன் என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

போன் செய்தும் வராதவரை என்ன செய்வது?

காரணத்தைக் கேட்டுப் பதியுங்கள். "வரவில்லை" என்று மட்டும் எழுதினால் அடுத்த மாதமும் அதே பதில்தான் கிடைக்கும். அன்றைய கூலி போய்விடும் என்பவருக்கு மாலை நேரமோ ஞாயிற்றுக்கிழமையோ ஒதுக்கலாம். பஸ் இல்லை என்பவருக்கு ஊருக்குப் பக்கத்தில் உள்ள சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்யலாம். திட்டுவார்கள் என்று பயந்து வராதவரும் உண்டு. அவரைக் கூப்பிடும்போது சர்க்கரை அளவைப் பற்றிப் பேசாமல், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தொடங்க வேண்டும். வேறு டாக்டரிடம் மாறிவிட்டவரை அப்படியே குறித்துவிட்டு, கேட்டால் பதிவின் பிரதியைக் கொடுத்துவிடுங்கள். நாட்டு மருந்துக்குப் போய்விட்டவரிடம் வாதாட வேண்டாம். இன்சுலினை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் பெயரைப் பட்டியலிலேயே வைத்திருங்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடி கூப்பிடலாம்.

இறந்துபோனவரின் பதிவில் அதை அன்றைக்கே குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் அடுத்த வாரம் வேறொரு நர்ஸ் அதே வீட்டுக்குப் போன் செய்து "அய்யா ஏன் வரவில்லை?" என்று கேட்பார். இறப்புக்கான காரணம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். வருடக் கடைசியில் டாக்டரும் நர்ஸும் உட்கார்ந்து அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியாக எப்போது வந்தார், எந்தச் சோதனை விட்டுப்போயிற்று என்று தேடிப் பார்க்க அது வேண்டும்.